கறுக்காத பட்டை

“அந்தச் சிலுவையக் கழட்டும்மா.”

மகள் கேட்டே விட்டாள்.

அந்த வீட்டில் ஜெபத்துக்கு உட்காராமல் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம். சிலுவையில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் தன்னை வேலையை விட்டு நீக்கிய அன்று, அம்மா வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி, ஆணியைப் புதிதாக அடித்து, திரும்ப மாட்டிவிட்டுச் சொன்னாள்: இதைக் கழட்டச் சொல்லி மட்டும் என்கிட்ட கேட்கக் கூடாது.

மூன்று மாதமாயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் எதிரே நிற்கிறது. தலை வாரினால் கண்ணாடிக்குள் நிற்கிறது. எத்தனை நாளைக்குத்தான் குனிந்தே திரிவது?

அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடம் ஆபரேஷன் கத்தியும் கத்தரியும் கழுவிய கை. கரண்டியைக்கூட இடுக்கு விடாமல் தேய்க்கும். அந்தக் கை உழைத்துத்தான் மகள் நர்சிங் பட்டம் வாங்கினாள். குடும்பத்திலேயே முதல் பட்டம். அதே ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தது.

கழுவித் தட்டில் அடுக்குவது அம்மா. கிருமி சாக அதை நீராவியில் வைத்து எடுப்பது மகள். அம்மாவுக்கு அந்த இயந்திரம் ‘பெரிய குக்கர்’.

ஒவ்வொரு தட்டிலும் ஒரு காகிதப் பட்டை போகும். சூடு சரியாக ஏறினால் கறுக்கும். கறுத்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

இவள் காலையிலேயே எல்லாப் பட்டையிலும் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவாள். நேரம் மிச்சமாம். படித்த மூளை.

ஒருநாள் ஒரு தட்டு சூடு ஏறாமலேயே ஆபரேஷனுக்குப் போய்விட்டது. ஒரு பெண்ணின் வயிற்றுக் காயம் சீழ் பிடித்தது.

விசாரணையில் யாரும் கேட்பதற்கு முன்பே அம்மா முன்னால் வந்து நின்றாள். வேகாத தட்டை நான்தான் மாத்தி வெச்சுட்டேன் என்றாள்.

பாவம், நிஜமாகவே தன் தப்பென்று நினைக்கிறாள் என்று மகளுக்குத் தோன்றியது. பக்கத்தில்தான் நின்றிருந்தாள். வாயைத் திறந்திருக்கலாம்.

திறக்கவில்லை.

அந்தப் பெண் இன்னும் பதினோராம் கட்டிலில்தான் படுத்திருக்கிறாள். தினமும் கட்டு மாற்றுவது இவள். தினமும் அவள் கேட்பாள், “அந்தக் கழுவுறவ கை விளங்குமா சிஸ்டர்?” இவள் பஞ்சை நனைத்துக்கொண்டிருப்பாள்.

செய்தவன் ஒருத்தன், சாகிறவன் ஒருத்தன், இதற்குப் பேர் அன்பா என்று கல்லூரி நாளில் சிலுவையைக் காட்டி அம்மாவிடம் மல்லுக்கு நின்றவள் இவள். இப்போது அந்த அநியாயம் காலையில் எழுந்து இவளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறது. நன்றாகச் சாப்பிடு என்று வேறு சொல்கிறது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். மகளின் முகத்தை, கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கறுப்பை, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நீயே கழட்டிக்கோ.”

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். சிலுவை லேசாகத்தான் இருந்தது. கையோடு வந்துவிட்டது.

ஆணி மட்டும் சுவரில் நின்றது. ஆணியில் ஒரு காகிதப் பட்டை குத்தியிருந்தது.

வெள்ளையாக.

அதன் ஓரத்தில் அவள் கையெழுத்து.

அந்தத் தட்டு கழுவத் திரும்பி வந்தபோதே அம்மா பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் முன்னால் போய் நின்றிருக்கிறாள்.

“தெரிஞ்சேவா போய் நின்ன?”

“அவரு மட்டும் தெரியாமலா ஏறினாரு?” என்றாள் அம்மா, அவள் கையிலிருந்த சிலுவையைக் காட்டி.

உண்மை தெரிந்தால் அம்மா தன்னை எப்படிப் பார்ப்பாளோ என்றுதான் மூன்று மாதமாக அவள் செத்துக்கொண்டிருந்தாள். அம்மா அப்படித்தான் மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒருநாளும் சாப்பாட்டில் உப்புக்கூடக் குறையவில்லை.

இனி யாருக்குப் பயப்பட?

பட்டையை ஆணியிலிருந்து கிழியாமல் உருவினாள். சிலுவையை மாட்டினாள். சாய்ந்திருந்தது, நேராக்கினாள். இந்த முறை நிமிர்ந்து பார்த்தாள்.

“படிச்ச படிப்பு போயிடும்டி,” என்று அம்மா கையைப் பிடித்தாள்.

அந்த விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாகப் பிரித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டாள். சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டாள்.

முதலில் பதினோராம் கட்டில். அப்புறம் மேட்ரன் அறை.

பட்டையைச் சீருடைப் பையில், கையெழுத்து வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.