கைக்கண்ணாடி

பிடரியில் இறங்கிக்கொண்டிருந்த கத்தி பாதி வழியில் நின்றது.

அதைவிடப் பெரிய அதிசயம், சலூன்காரரின் வாயும் நின்றுபோனது.

அந்த வாய் நின்று ஊரில் யாரும் பார்த்ததில்லை. பிறந்து விழும்போதே, "கொடியை இன்னும் ரெண்டு விரல் தள்ளி வெட்டும்மா" என்று மருத்துவச்சிக்கே யோசனை சொன்ன வாய் அது. குழாய் ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது, எந்தக் கம்பெனியில் லீவு கேட்டால் எரிந்து விழுவார்கள், எந்தப் பல் டாக்டர் வலிக்கிற பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்குவார், எல்லாம் அந்த நாற்காலியில்தான் முடிவாகும். கடைக்கு 'விசாரணை கவுண்டர்' என்றே பெயர். முழு வழுக்கைக்காரர்கள்கூட மாதம் தவறாமல் வந்து உட்கார்ந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த வாய் திறந்தபடி நின்றது. ஈ போய்க் குடித்தனம் நடத்தியிருக்கலாம்.

நாற்காலியில் இருந்தவரின் காலர் மறைக்கிற இடத்தில் ஒரு மச்சம்.

போன தடவை மிளகு அளவுதான் இருந்தது. இப்போது புளியங்கொட்டை. ஓரம் பிசிறடித்திருந்தது. ஒரு பக்கம் கன்னங்கரேல், மறுபக்கம் துருப்பிடித்த ஆணியின் நிறம்.

ஓரம் பிசிறடித்து, நிறமும் இரண்டாகத் தெரிந்தால் அதன்மேல் கத்தி படக் கூடாது, ஆளை உடனே டாக்டரிடம் அனுப்பிவிட வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அன்றிலிருந்து சலூன்காரர் அனுப்பிய ஆட்களை வைத்து ஒரு ரயிலை நிரப்பலாம்.

ஒரே ஒரு தடவைதான் சறுக்கினார். தையல்காரரின் காதுக்குப் பின்னால் கறுப்பாக எதையோ பார்த்துவிட்டு, "போச்சுய்யா!" என்று கத்தினார். துடைத்துப் பார்த்தால் தையல் மெஷின் எண்ணெய். ஒரு மாதம் ஊரே வரிசையில் வந்து காதைக் காட்டிவிட்டுப் போனது.

ஆனாலும் வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் பத்துத் தடவை சொல்லியிருப்பார்.

இவரிடம் எப்படிச் சொல்வது?

"சீக்கிரம் அண்ணே, ஆறு மணிக்கு ரயில். பொண்ணுக்குப் பிரசவம், திரும்பி வர மூணு மாசம் ஆகும்" என்று சொல்லிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தார் மனிதர். மூக்குக்கண்ணாடியையும் சாவிக்கொத்தையும் சீப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கண்ணை மூடியவர், இன்னும் திறக்கவில்லை. பேரக்குழந்தையை இப்போதே மடியில் வைத்திருப்பவர் மாதிரி ஒரு சிரிப்பு.

மூன்று மாதம். அதற்குள் புளியங்கொட்டை முளைத்து மரமே ஆகிவிடும் என்று சலூன்காரர் கணக்குப் போட்டார்.

பெஞ்சில் காத்திருந்த லாரிக்காரர், பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"என்ன அண்ணே, வாயைச் சாணை பிடிக்கக் குடுத்திருக்கீங்களா?"

சலூன்காரர் மச்சத்தைச் சுற்றிக் கத்தியை ஓட்டினார், தூங்கும் பாம்பைச் சுற்றி நடப்பவர் போல. பவுடர் போட்டார். போட்ட இடத்திலேயே இன்னொரு தடவை போட்டார். அதற்கு மேல் செய்ய வேலை இல்லை.

கைக்கண்ணாடியை எடுத்துப் பிடரிக்குப் பின்னால் பிடித்தார்.

நாற்பது வருஷமாக அதைப் பிடிக்கிறார். ஒருத்தராவது அதில் பார்த்ததுண்டா? கல்யாண வீட்டில் தெரியாத ஆளுக்குத் தலையாட்டுவதுபோல் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். இவரும் மூக்குக்கண்ணாடியைப் போடாமலே தலையாட்டிவிட்டு எழப் பார்த்தார்.

சலூன்காரர் அவர் தோளைப் பிடித்து அமுக்கினார். மூக்குக்கண்ணாடியை எடுத்துத் தானே மாட்டிவிட்டார். மாட்டிய அவசரத்தில் அதன் காம்பு காதுக்குள்ளேயே போகப் பார்த்தது.

"பாருங்க சார். நல்லாப் பாருங்க."

அவர் பார்த்தார்.

சிரிப்பு மட்டும் முகத்தில் கொஞ்ச நேரம் தங்கியது, கடைசி பஸ் போனது தெரியாமல் நிற்கிற ஆளைப் போல.

"விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க."

திருப்பினார். அவர் தலையைச் சாய்த்து, காலரை இழுத்துவிட்டு, மறுபடி பார்த்தார். போர்த்திய துணிக்குள் கை இரண்டும் எதையோ தேடிப் பிசைந்தன. பிறகு கேட்டார், அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ பேர் கேட்ட அதே குரலில்.

"அண்ணே, இதுக்கு யார்கிட்ட போறது?"

பதினோரு வருஷமாக அந்தக் கேள்விக்குச் சலூன்காரரிடம் ஒரே ஒரு பதில்தான். இன்று அது செல்லாத நோட்டு.

லாரிக்காரர் பேப்பரை இறக்காமலே உதவிக்கு வந்தார்.

"இது ஒரு கேள்வியா சார்? தோல் சமாச்சாரம்னா தண்ணித் தொட்டி பக்கத்துல பச்சை கேட்டு டாக்டர்தான். என் வீட்டுக்காரிக்கு அண்ணன்தான் சொல்லி அனுப்பினாரு. ஒரே பார்வையில கண்டுபிடிச்சிடுவாரு. தைரியமாப் போங்க!"

சீப்புகளுக்குப் பக்கத்தில் கிடந்த சாவிக்கொத்தைச் சலூன்காரர் பார்த்தார். மூன்று மாதத்துக்கு என்று அந்தப் பச்சை கேட்டைப் பூட்டிவிட்டு வந்த சாவி.

"அவரு நல்ல டாக்டர்தான்ப்பா" என்றார். "ஆனா இது அவருக்கு எட்டாது."

கைக்கண்ணாடியை அவர் இன்னும் இறக்கவில்லை.