இருபது நிமிஷம்

"உங்க வீட்டுக்காரர் இருபது நிமிஷம் வலியில துடிச்சிருக்கார். அந்த வேதனைக்குத் தனியா நஷ்டஈடு உண்டு. உடனே உயிர் போயிருந்தா அது கிடையாது. மறக்காம சொல்லிடுங்கம்மா" என்றார் வக்கீல்.

அவள் தலையாட்டிவிட்டுச் சாட்சிக் கூண்டில் ஏறினாள்.

"விபத்துக்கப்புறம் உங்க மடியில எவ்வளவு நேரம் உயிரோட இருந்தார்?" என்று கேட்டார் வக்கீல்.

அவள் கோர்ட்டின் கடைசி வரிசையைப் பார்த்தாள். "இல்லைங்க. அந்த நொடியே போயிட்டார்."

வெளியே வந்ததும் வக்கீல் பொரிந்தார். "இன்ஷூரன்ஸ்காரன் உங்களுக்கு மாலையே போடுவான். ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"வரமாட்டேன்னு சொன்ன மாமியார், கடைசி பெஞ்சுல வந்து உட்கார்ந்திருந்தாங்க சார்."

"இருந்தா என்ன?"

"அந்த இருபது நிமிஷமும் அவர் என் முகத்தையே பார்த்துக்கிட்டு, 'அம்மா வந்துட்டாங்களா'ன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தார்."