இரண்டாவது ஆள்

"யாரு நம்புறா?" என்று கேட்டார் பிக்கர்ஸ்கில்.

அவர் எங்கள் வாரப் பத்திரிகையின் ஆசிரியர். இந்தக் கேள்வியைக் கேட்காமல் அவருக்குப் பொழுது போகாது.

செய்தி எழுதுகிற ஆங்கிலத்தில் யாரும் எதையும் நம்புவதில்லை. நம்பப்படும். யாரும் எதையும் கருதுவதில்லை. கருதப்படும். படிக்கிறவனுக்கு, இந்த ஊரே ஆள் இல்லாமல் நடக்கிறதோ என்று தோன்றும்.

பிக்கர்ஸ்கில்லிடம் மட்டும் அந்தப் பாச்சா பலிக்காது. 'அறியப்படுகிறது' என்று எழுதினால் போலீஸ்காரர் யாராவது பெயர் வேண்டாம் என்று சொல்லி நம் காதில் போட்டிருக்க வேண்டும். 'நம்பப்படுகிறது' என்று எழுதினால் நிஜமாகவே நம்புகிற இரண்டு பேரை அவரிடம் சொல்ல வேண்டும். அச்சில் வராது, ஆனால் சொல்லியாக வேண்டும். ஒருத்தர் மட்டும் நம்பினால் அது செய்தி இல்லை, ஆசை என்பார்.

எங்கள் நிருபர் கிளெனிஸ் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவள் எழுதியிருந்தது நாலைந்து வரிதான். துறைமுகத்தில் திங்கட்கிழமை காலை ஓர் ஆணின் உடல் மீட்கப்பட்டது. ஐம்பது வயது இருக்கலாம். பெயர் இன்னும் வெளியிடப்படவில்லை. சந்தேகத்துக்குரிய மரணமாகக் கருதப்படவில்லை.

கடைசி வாக்கியம் போலீஸ் கொடுத்தது. அதற்கு எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. கொலை இல்லை என்று அர்த்தம். அப்படியென்றால் சாவைத் தானே தேடிக்கொண்டான் என்று மீன் வறுவல் கடை வரிசையில் நிற்கும்போதே முடிவு கட்டிவிடுவார்கள். அவன் குடித்தது, வேலை போனது, பெண்டாட்டி போனது எல்லாம் உருளைக்கிழங்கு வேகுவதற்குள் வெளியே வந்துவிடும்.

அதற்குக் கீழேதான் கிளெனிஸ் ஒரு வரி சேர்த்திருந்தாள். துறைமுகப் படிகளில் படிந்திருந்த பாசி வழுக்கி அவர் தவறி விழுந்ததாக நம்பப்படுகிறது.

போலீஸ் அப்படிச் சொல்லவில்லை.

"அவரோட தங்கச்சி நம்புறாங்க," என்றாள்.

"சரி, ஒண்ணு ஆச்சு. இன்னொண்ணு?"

"வேற யாரும் இல்ல."

"அப்ப அதை எடுத்துரு கண்ணு. பக்கம் அச்சுக்குக் கிளம்பணும்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். எதிர் மேஜையில் உட்கார்ந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்து எனக்குப் பழக்கமில்லை.

"ரெண்டாவது ஆளா என்னைப் போட்டுக்க கிளெனிஸ். என் மாமியார் சொர்க்கத்துக்குத்தான் போவாங்கன்னு நம்புறவன் நான். இதை நம்ப மாட்டேனா?"

பிக்கர்ஸ்கில் சிரித்தார். கிளெனிஸும் உதட்டை இழுத்தாள், கொஞ்சம் தாமதமாக. காலையில் தாமதமாக வந்ததிலிருந்தே அவளிடம் எல்லாம் தாமதமாகத்தான் இருந்தது. கோட்டைக் கழற்றவில்லை. நான் போட்டுக் கொடுத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. எங்கள் அலுவலக ஹீட்டரின் லட்சணத்துக்கு யாரும் கோட்டோடு உட்காரலாம் என்று விட்டுவிட்டேன்.

அவள் அந்த வரியைத் தேர்ந்தெடுத்தாள். திரையில் அது மட்டும் கறுத்து நின்றது. அழிக்கிற பொத்தான் மேல் விரல் இருந்தது. அழுத்தவில்லை.

என் மேஜையில் போன் அடித்தது.

காவல் நிலையத்திலிருந்து ஒரு பெண். நான் யார் என்றுகூடக் கேட்கவில்லை.

"மிஸஸ் கிளெனிஸ் தோர்ப் இருக்காங்களா? அவங்க மொபைல்ல அடிச்சா எடுக்கவே மாட்டேங்குறாங்க. அவசரம் ஒண்ணுமில்ல. காலைல அடையாளம் காட்ட வந்தப்ப கையுறையை இங்கயே வச்சுட்டுப் போயிட்டாங்க. அண்ணனோட வாட்சையும் சேர்த்து வாங்கிக்கலாம்னு சொல்லிடுங்க பாவம்."

சொல்கிறேன் என்று வைத்தேன்.

அழுகை வரவில்லை. பதற்றமும் இல்லை. காது மட்டும் அடைத்துக்கொண்டது. அதற்குள்ளே என் மாமியார் ஜோக் திரும்பத் திரும்பக் கேட்டது. வெட்கமாக இருந்தது.

"யாருய்யா?" என்றார் பிக்கர்ஸ்கில்.

"ராங் நம்பர்."

கிளெனிஸ் என்னைப் பார்த்தாள். அன்று அவள் யாரையாவது நேராகப் பார்த்தது அப்போதுதான். பிறகு திரைக்கே திரும்பிக்கொண்டாள்.

"அந்த வரி இருக்கட்டும்," என்றேன். "ரெண்டாவது ஆளு நான்."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார் ஆசிரியர்.

"விளையாடல. நான் நம்புறேன்."

பிக்கர்ஸ்கில் என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். அப்புறம் கிளெனிஸைப் பார்த்தார். அவளுடைய கோட்டை, குளிரில் சிவந்திருந்த வெறும் கைகளை.

எதை வைத்து நம்புகிறாய் என்பது அவருடைய அடுத்த கேள்வி. இத்தனை வருஷத்தில் ஒருத்தரையும் அவர் அதிலிருந்து விட்டதில்லை.

"ரெண்டு பேர்," என்றார். "போதும். அனுப்பு."

கிளெனிஸ் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். ஆறிப்போன டீயை ஆடையோடு குடித்தாள்.

துறைமுகப் படிகளில் பாசி கிடையாது. போன மாதம்தான் அடிவரை சுரண்டிக் கழுவினார்கள். 'படிகள் சுத்தம், இனி வழுக்காது' என்று முதல் பக்கத்தில் போட்டோம். செய்தி நான் எழுதியது. தலைப்பு பிக்கர்ஸ்கில் வைத்தது. படம் பிடிக்க அந்தப் படியில் இறங்கி நின்றது கிளெனிஸ்.