காளான் போடாத கிண்ணம்

"உங்க எடை என்ன இருக்கும், பட்டணத்துக்காரரே?"

தோகுஜி திடுதிப்பென்று இப்படிக் கேட்டதும் நிஷிமுராவுக்குப் புரை ஏறிவிட்டது. வாயிலிருந்த சேப்பங்கிழங்கை ஒருவழியாக விழுங்கிவிட்டு, "அறுபது கிலோ இருப்பேன்" என்றார்.

"அவ்வளவுதானா? ஏய் கினுயோ, இவருக்கு இன்னும் ரெண்டு மோச்சி சுட்டுப் போடு. காத்தடிச்சா பறந்துடுவார் போலிருக்கு!"

கணப்பின் அருகே மோச்சி என்கிற அரிசிக் கட்டிகளைத் திருப்பிக்கொண்டிருந்த கினுயோவின் கையிலிருந்து இடுக்கி நழுவிச் சாம்பலில் விழுந்தது. பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார் நிஷிமுரா. அவருக்கும் உள்ளூர உதறல்தான்.

இருக்காதா பின்னே? ஐந்து குளிர்காலமாக இந்த மலைக் கிராமத்துக்கு வந்துகொண்டிருக்கிறார். கேட்பவர்களிடம் எல்லாம், "பனி பார்க்கணும், பழைய கூரை வீடுங்களைப் படம் எடுக்கணும், உங்க ஊர்ச் சாப்பாடு சாப்பிடணும்" என்பார். முதல் வருடம் அது நிஜம். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கினுயோவுக்காக. கணவனை இழந்து, பிறந்த வீட்டுக்கே திரும்பி, அண்ணன் தோகுஜியோடு இந்தக் கூரை வீட்டில் விடுதி நடத்துகிறவள். போன இலையுதிர் காலத்தில் அவள் டோக்கியோ வந்தபோது, இரண்டு பேரும் காதும் காதும் வைத்தாற்போல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள்.

அண்ணனுக்குத்தான் இன்னும் தெரியாது.

"எனக்கு அம்மா, அப்பா எல்லாமே அவர்தான். அவர் மனசு கோணினா நான் உங்ககூட வர மாட்டேன்" என்று கினுயோ கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எப்போதும் பிப்ரவரியில் வருகிற மனிதர், பொறுக்க முடியாமல் இந்த முறை ஜனவரியிலேயே பேசி முடிக்க வந்துவிட்டார். வந்து இரண்டு நாளாகிறது. வாய்தான் வரவில்லை.

"முதுகுவலி, மூட்டுவலி ஏதாவது உண்டா?" தோகுஜி விடுவதாக இல்லை.

"இல்லையே..."

"உயரமான இடத்துல நின்னா தலை சுத்துமா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். நம்ம வீட்டுக்குச் சாப்பிட வர்றவங்க முழுசா ஊர் போய்ச் சேரணுமே!"

தோகுஜி தன் குழம்புக் கிண்ணத்தைக் கிளறினார். பிறகு கழுத்தை நீட்டி விருந்தாளியின் கிண்ணத்தையும் எட்டிப் பார்த்தார்.

"என் நோப்பே குழம்புல காளானா கிடக்குது. இவருக்கு ஒண்ணுகூட இல்லையே, ஏம்மா?"

"அவருக்குக் காளான் பிடிக்காது" என்றாள் கினுயோ.

"ஓஹோ! எனக்குக் கத்திரிக்காய் பிடிக்காது. இத்தனை வருஷமா போட்டுக்கிட்டேதான் இருக்கே!"

அதற்கு மேல் நிஷிமுராவுக்கு மோச்சி இறங்கவில்லை. பாத்திரம் கழுவும் இடத்துக்கு நைசாகப் போய், "அவருக்கு ஏதோ சந்தேகம் வந்துடுச்சு. நாளைக்குக் காலைல எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்று கிசுகிசுத்தார்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். நாளைக்கு நல்லா கெட்டியான கால்சட்டையா போட்டுக்கோங்க" என்றாள் கினுயோ. சொல்லிவிட்டு, கிண்ணத்தைத் துடைத்தபடி ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். இந்த நேரத்தில் எப்படித்தான் பாட்டு வருகிறதோ!

மறுநாள் பகலில் தோகுஜியே வந்து தோளில் கை போட்டார். "பனி பாக்கணும், பனி பாக்கணும்னு சொல்வீங்களே. வாங்க, கிட்டத்துலயே காட்டறேன்."

கோயிலுக்கு மேலேயிருந்த பனிமேட்டில் ஊரே கூடியிருந்தது. நிஷிமுராவைப் பார்த்ததும் ஆளாளுக்குச் சிரித்தார்கள். யாரோ ஒரு பெரிய கோப்பை நிறையச் சாக்கேயை நீட்டினார்கள். "ஒரே மடக்கா குடிச்சிடுங்க, பயம் தெரியாது!" குடித்து முடித்ததுதான் தாமதம், நான்கு பேர் அவருடைய கையையும் காலையும் பிடித்து அலாக்காகத் தூக்கிவிட்டார்கள். வலது தோளைப் பிடித்திருந்தது தோகுஜி!

"ஐயோ, விடுங்க! நான் விருந்தாளி!"

"அஞ்சு வருஷமா விருந்தாளியாமே!" என்று ஒருவர் கத்த, கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மேட்டின் விளிம்பு வந்துவிட்டது. இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே கினுயோ நின்றிருந்தாள். முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்தியிருந்தாள், தோள்கள் குலுங்கின. அழுகிறாள்! நிஷிமுராவுக்கு நெஞ்சே வெடித்துவிடும்போல் இருந்தது.

"தோகுஜி ஐயா, சொல்லிடறேன்! உங்க தங்கச்சியும் நானும்..."

"ஒண்ணு, ரெண்டு, மூணு!"

ஆகாயம் ஒரு சுற்றுச் சுற்றியது. தலைகுப்புற விழுந்து, பந்தாக உருண்டு, இடுப்பு வரை பனியில் புதைந்தார். கினுயோ ஓடிவந்து அவருடைய காதிலும் மூக்கிலும் அடைத்திருந்த பனியைத் தட்டிவிட்டாள்.

"போச்சு கினுயோ, எல்லாம் போச்சு. அவருக்குத் தெரிஞ்சிடுச்சு. ஊரைக் கூட்டி வச்சு என்னைத் தூக்கி எறிஞ்சிட்டார்." நிஷிமுரா பனியிலிருந்து ஒரு காலை உருவினார். "நீ உங்க அண்ணனோடயே நல்லா இரு. நான் சாயங்கால ரயிலுக்கே கிளம்பிடறேன்."

கினுயோ முக்காட்டுத் துணியை எடுத்தாள். கண்ணில் நீர் வழிந்தது வாஸ்தவம்தான். ஆனால் அவள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கண்டவங்களையெல்லாம் எங்க ஊர்ல தூக்கிப் போட மாட்டாங்க. போன வருஷம் எங்க ஊர்ப் பொண்ணைக் கட்டினவரை மட்டும்தான் போடுவாங்க. அதுவும் பொண்ணு வீட்டுல சம்மதிச்சாத்தான். நேத்து அண்ணன் உங்க எடையைக் கேட்டப்பவே அவருக்கு எல்லாம் தெரியும்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு."

நிஷிமுரா அண்ணாந்து பார்த்தார். மேட்டு விளிம்பில் தோகுஜி இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார்:

"மாப்பிள்ளே! எலும்பெல்லாம் சரியா இருக்கா? சீக்கிரம் ஏறி வாங்க, குழம்பு ஆறுது. காளான் போடலை!"