டியூட்டியில் பன்சிட்

நான் மெஷின் ரிப்பேர் அறைக்குள் ஓடி நுழைந்தபோது நெஸ்டர் அண்ணன் பன்சிட் தின்றுகொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீள நீளமான அந்த நூடுல்ஸை டியூட்டியில் தொட்டால் கேஸும் அதே நீளத்துக்கு வந்து நிற்கும். எங்கள் தீவில் எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்வாள்.

"உங்களுக்கு வேற நாளே கிடைக்கலையா அண்ணே?"

"இன்னிக்குத்தானே, கோரா, என் பிறந்தநாள்! ஆயுசு நீளட்டும்னு பொண்டாட்டி கட்டிக் கொடுத்திருக்கா. தின்னாம போனா அவளே என் ஆயுச முடிச்சிடுவா."

எதிர்த் தீவில் ஒரு குழந்தை மாதம் நிறையாமல் பிறந்திருந்தது. தானாக மூச்சு விடவில்லை. அங்கிருந்த டாக்டர் ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தார். நான் படகில் போய், தோளில் மாட்டும் குட்டி வென்டிலேட்டரில் இணைத்து, குழந்தையை இங்கே கொண்டுவர வேண்டும். கடல் நீர் இறங்குவதற்குள் படகு பாறைத் திட்டைத் தாண்டியாக வேண்டும். தவறினால் அடுத்த நீரேற்றம் வரை கரையில் கிடக்க வேண்டியதுதான்.

ஆனால் சோதிக்காமல் மெஷினைக் கையில் தரமாட்டார் அண்ணன். வாயில் நூடுல்ஸோடு வேலையை ஆரம்பித்தார்.

பேட்டரி சரி. ஆக்சிஜன் சரி. அலாரம் காதைக் கிழித்தது, அதுவும் சரி.

கடைசியாகக் கசிவு. குழாயின் நுனியில் சோதனைப் பலூனை மாட்டினார். குழந்தையின் நுரையீரலுக்குப் பதிலாக மாட்டுகிற சின்ன ரப்பர் பலூன் அது. காற்றை ஏற்றி நிறுத்தினால் அழுத்தம் காட்டும் முள் அசையாமல் நிற்க வேண்டும்.

முள் மெதுவாக இறங்கியது.

"போன வாரம் அதுக்கு வந்த அதே சீக்கு" என்று அண்ணன் மூலையைப் பார்த்தார்.

மூலையில் இதன் ஜோடி மெஷின் இருந்தது, நெற்றியில் சிவப்புச் சீட்டோடு. எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் அண்ணனே ஒதுக்கி வைத்தது. ஒதுக்கினாரே தவிர மனசு கேட்கவில்லை. தினமும் துடைத்து, சார்ஜ் போட்டு வைப்பார். பிணத்துக்குச் சோறு ஊட்டுகிறார் என்று ஆஸ்பத்திரியே கேலி செய்தது. நானும்தான்.

குழாயை மாற்றினார். முள் இறங்கியது. வால்வை மாற்றினார். இறங்கியது. கழற்றிய குழாயை, பஞ்சர் கடையில் டியூபை முக்குவது போல வாளித் தண்ணீரில் முக்கினார். ஒரு குமிழி இல்லை.

வெளியே படகுக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். "ஏ கோரா! இன்னும் கொஞ்ச நேரம் போனா படகுக்குச் சக்கரம் மாட்டணும்!"

எனக்குப் பொறுமை போய்விட்டது. அங்கே ஒரு உயிர் டாக்டரின் கையில் தொங்கிக்கொண்டிருக்கிறது, இங்கே நாங்கள் தண்ணீரில் விளையாடுகிறோம். ஆத்திரத்தில் பலூனைப் பிடுங்கி மேசையில் எறிந்தேன். திறந்த குழாய் என் முகத்திலேயே புஸ்ஸென்று ஊதியது. கட்டைவிரலால் அதன் வாயை அடைத்தேன்.

முள் ஏறியது. நின்றது.

நின்றுகொண்டே இருந்தது.

இருவரும் முள்ளைப் பார்த்தோம். பிறகு பலூனைப் பார்த்தோம். அண்ணன் அதை ஊதித் தண்ணீரில் அமுக்கினார். மடிப்புக்குள்ளிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் வந்தன.

அலமாரியில் புதுப் பலூன் ஒன்று உறை பிரிக்காமல் கிடந்தது. மணிலாவிலிருந்து அதிகாரிகள் வந்தால் காட்டுவதற்காக வைத்தது. விருந்தாளிக்கென்று பூட்டி வைத்து, வீட்டில் யாரும் சாப்பிடாத நல்ல தட்டு எல்லா வீட்டிலும் இருக்கிறதே, அந்த மாதிரி. அண்ணன் உறையைப் பல்லால் கிழித்தார்.

மாட்டியதும் பலூன் குட்டி நெஞ்சு போல ஏறி இறங்கியது. நான் சந்தோஷத்தில் கத்தியே விட்டேன்.

மெஷினைத் தோளில் மாட்டும்போது போன் அடித்தது. எதிர்த் தீவு டாக்டர். போனைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, உள்ள இன்னொண்ணு இருந்திருக்கு. இப்பத்தான் பிறந்துச்சாம். அதுக்கும் மூச்சு இல்லையாம்."

இரண்டு குழந்தைக்கு ஒரு மெஷின். எதற்கு மாட்டுவது, எதை விடுவது? தட்டில் மிச்சமிருந்த நூடுல்ஸை எரித்துவிடுவது போல் முறைத்தேன்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் எனக்கும் உறைத்தது. போன வாரம் அதைச் சோதித்ததும் அதே ஓட்டைப் பலூனை வைத்துத்தான்!

புதுப் பலூனைக் கழற்றி அதில் மாட்டினார். எதையும் விடாமல் முதலிலிருந்து எல்லாவற்றையும் சோதித்தார். பேட்டரி முழுசாக இருந்தது. இருக்காதா பின்னே? கடைசியில் முள் ஏறியது. நின்றது.

அண்ணன் சிவப்புச் சீட்டைக் கிழித்து எறிந்துவிட்டு, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெஷினைக் குழந்தை போல இடுப்பில் தூக்கிக்கொண்டு, "நானும் வர்றேன், நட" என்றார்.

வாசல் வரை போன நான் திரும்பி வந்தேன். பன்சிட்டை ஒரு பிடி அள்ளி வாய் நிறையத் திணித்துக்கொண்டேன்.

"ஏய், டியூட்டியில..."

"மூணு பேருக்குப் பிறந்தநாள் அண்ணே!"

படகை நோக்கி ஓடினோம்.