கேட்காமல் ஓடும் தொகுப்பு

பள்ளியின் முப்பத்தொரு மடிக்கணினிகளுக்கும் புதிய மென்பொருளைக் கணினிப் பிரிவு ஊழியன் கேலம் தன் அறையிலிருந்தே அனுப்பினான். முப்பத்திரண்டில் ஏறியதாக அறிக்கை வந்தது. கூடுதலாக இருந்தது, போன குளிர்காலத்தில் மர்ரே ஆற்றில் காரோடு மூழ்கிய மாணவி டீகனின் கணினி. அவள் உடல் கிடைத்தது. கணினி இருந்த பள்ளிப்பை கிடைக்கவே இல்லை.

“தொலைஞ்ச மெஷின்தானே? அழிச்சுத் தள்ளு,” என்றாள் மேலாளர் மொரீன்.

அழிக்கும் கட்டளையை அனுப்பினான். ‘பயனர் மறுத்துவிட்டார்’ என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினான். மறுபடியும் மறுப்பு.

“புள்ளைங்ககிட்ட எவனாவது கேட்டுக்கிட்டு நிப்பானாடா? கேக்காம ஓடுற மாதிரி கட்டளையைத் தொகுப்பாக் கட்டி அனுப்பு, மண்டு!”

‘பயனரைக் கேட்காதே’ என்ற கட்டத்தில் குறியிட்டு அனுப்பினான். எட்டே நொடியில் முடிந்தது. அந்த எட்டு நொடிக்குள் அந்தக் கணினியில் ரத்து விசை அறுபது தடவை அழுத்தப்பட்டிருந்ததாக அறிக்கையின் கடைசி வரி சொன்னது.

“பாத்தியா, அவ்வளவுதான்,” என்றாள் மொரீன்.