ஒரு மூலை மட்டும்

"அத்தை, உங்க ரூம்ல எனக்கு ஒரு மூலை வேணும்."

துணி மடித்துக்கொண்டிருந்த மாமியாரின் கை அப்படியே நின்றது.

"மூலையா? எதுக்கு?"

"ஆபீஸ் வேலை பார்க்கத்தான். சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப் போச்சு."

"உங்க ரூம்ல மூலையே இல்லையா?"

"இருக்கு. நாலுலயும் உங்க பிள்ளையோட சாமான் இருக்கு."

அது உண்மை. பெற்றவளுக்கே தெரியும். "என்னவோ பண்ணு" என்று சொல்லிவிட்டாள். ஆனால் சொன்ன நிமிஷத்திலிருந்து மனசு ஆறவில்லை.

தனக்கென்று வாய் திறந்து எதையும் கேட்டவள் இல்லை அவள். புது மெத்தை வாங்கலாமா என்றால், "எனக்கெதுக்கு?" மூக்குக்கண்ணாடியை மாற்றலாமா என்றால், "எனக்கெதுக்கு?" அவளுக்கென்று இருப்பது ஒரு படுக்கையறை. அதிலும் பங்கு கேட்டால்?

மறுநாளே பெயின்டர் வந்துவிட்டார். டப்பாவைத் திறந்தார். பச்சை என்றார். பார்த்தால் கறுப்புக்குத் தம்பி மாதிரி இருந்தது.

"இருட்டைப் போய் யாராவது கடையில வாங்குவாங்களா?"

"இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்கம்மா."

ஒரு மூலைச் சுவர் இருண்டது. அதில் மாட்டியிருந்த காலண்டரும் குடும்பப் போட்டோவும் எதிர்ச்சுவருக்குப் போயின. "இங்க ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது" என்று மருமகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அடர் பழுப்பில் மேஜை வந்தது, அதே நிறத்தில் தரைவிரிப்பு வந்தது, கழுத்து வளைகிற விளக்கு ஒன்று வந்தது. மூலை அடக்கமாக, கதகதப்பாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள மாமியாருக்கு என்ன தலையெழுத்தா?

குறை கண்டுபிடிக்கவும் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. நாற்காலியைச் சுவருக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தாள் மருமகள்.

"இவ்வளவு பாடுபட்டுப் பூசிட்டு, அதைப் பார்க்காமலா உட்காருவே?"

"அப்படித்தான் வசதி அத்தை."

மருமகளோ நெட்டை. விளக்கோ அவள் உட்கார்ந்தால் நெஞ்சுக்குத்தான் வெளிச்சம் போடும். போதாததற்கு மேஜைக்கடியில் கால் வைக்க ஒரு குட்டி முக்காலி வேறு. ஒட்டகச்சிவிங்கிக்கு எதற்கு முக்காலி?

எல்லாம் முடிந்தும் லேப்டாப் என்னவோ சாப்பாட்டு மேஜையிலேயே கிடந்தது. கேட்டால், "பெயின்ட் வாடை போகட்டும் அத்தை."

'ஞாயித்துக்கிழமை வரட்டும்' என்று மாமியார் கறுவினாள்.

ஞாயிறு காலை என்றால் மகளோடு வீடியோ கால். மகளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. தாயும் மகளும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். வீட்டில் இருந்தவரை அந்த நாலு கைகளும் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. போன வருஷம் வேலை கிடைத்து மகள் வெளியூர் போனாள். அதிலிருந்து எல்லாமே மாறிவிட்டது. ஹாலில் ஜன்னலுக்கு முன்னால், பூப்போட்ட திரைச்சீலையோரம் உட்கார்ந்து அம்மா விரல் வலிக்கப் பேசுவாள். மகள் சும்மா தலையை ஆட்டுவாள். ஐந்தே நிமிஷம். "சரிம்மா, வேலை இருக்கு."

மகளுக்குத் தன்மேல் அலுப்பு தட்டிவிட்டது. மாமியார் அப்படித்தான் முடிவு கட்டியிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவாள்.

அந்த ஞாயிறு மருமகளே வந்து கூப்பிட்டாள். "இன்னிக்கு உள்ளே உட்கார்ந்து பேசுங்களேன் அத்தை."

மூலையைக் காட்டிப் பெருமையடிக்க வேண்டுமாக்கும்! காட்டட்டும். குற்றம் சொல்ல சாட்சியும் கூடவே இருக்கும்.

உட்கார்ந்தாள். மருமகள் விளக்கைப் போட்டு, போனை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு வெளியே போனாள்.

மகள் முகம் தெரிந்ததுதான் தாமதம். மாமியாரின் கைகள் பொரிந்து தள்ளின. "உன் அண்ணி பண்ணின காரியத்தைப் பார்த்தியா? என் ரூமைப் பிடுங்கிட்டா. சுவரைக் கரிச்சட்டியா ஆக்கிட்டா. அவளுக்கு முக்காலி ஒரு கேடா?"

மகள் தலையை ஆட்டவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

அவள் கைகள் எழுந்தன. "நிறுத்தாதேம்மா. இன்னும் திட்டு."

"என்னடி ஆச்சு உனக்கு?"

"ஜன்னலுக்கு முன்னாடி நீ நிழலாத்தான் தெரிவே. எது உன் கை, எது திரையில இருக்கிற பூன்னே தெரியாது. ஒரு வருஷமா பாதிக்கு மேல புரியாமத்தான் தலையை ஆட்டினேன். சொன்னா நீ உடைஞ்சு போயிடுவேன்னு அண்ணிகிட்ட மட்டும் சொன்னேன். இன்னிக்கு உன் ஒவ்வொரு விரலும் தெரியுதும்மா."

மாமியாரின் கைகள் அந்தரத்தில் நின்றன. விளக்கு வெளிச்சம் அவள் முகத்திலும் விரல்களிலும் அளவெடுத்த மாதிரி விழுந்திருந்தது. அந்த வீட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் தரைக்கு எட்டாமல் தொங்கும் அவள் கால்கள், முக்காலிமேல் சுகமாக இருந்தன.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். மருமகள் சாப்பாட்டு மேஜையில், தட்டுகளை ஓரம் தள்ளிவிட்டு லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு நேரம் என்ன அத்தை பேசினீங்க?"

"உன்னைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்."

"அவளுக்கு முழுசாப் புரிஞ்சுதா?"

"ஒரு விரல் விடாமப் புரிஞ்சுது." மாமியார் ஓரமாய்க் கிடந்த தட்டுகளை எடுத்து அடுக்கினாள். "மூலை எனக்குத்தான்னு முதல்லயே சொல்றதுக்கென்னடி?"

மருமகள் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தாள்.

"உங்களுக்குன்னு கேட்டிருந்தா, 'எனக்கெதுக்கு'ன்னிருப்பீங்க. அதான் அத்தை, எனக்குன்னு கேட்டேன்."